கொல்சா எண்ணெய் சந்நிதி ஏறியது

எண்பதுகளின் நடுவில் ஒரு மாரிகாலம், கப்பலில் வரவேண்டிய நல்லெண்ணெய், புலம்பெயர்ந்த எங்கள் சனத்தின் கடைத்தெருவான லா சப்பலுக்கு வரவில்லை. எனக்கு நெருக்கமான கடைக்காரர் ஒருவர், துணிந்து, இந்நாட்டுக் கொல்சா எண்ணெயைப் பெட்டி பெட்டியாக இறக்கிவிட்டார். கொல்சா கடுகுக்கு உறவான பயிர். வசந்தத்தில் கூசேன்வில் பக்கத்து வயல்களில் மஞ்சளாகப் பூத்து நிற்கும். பூவை எல்லோரும் மெச்சினார்கள். எண்ணெயை ஒருவரும் தொடவில்லை. அது விற்காவிட்டால் கடையைப் பூட்டவேண்டியதுதான்.

அவரிடம் சாமான் வாங்கும் புதுச்சேரிக்காரர் ஒருவர் வேளாண்மை ஆய்வுக்கூடத்தில் கொல்சா விதையைத்தான் ஆராய்ந்துவந்தார். பெண்கள் நிறைந்த ஒரு சனிக்கிழமை, கடைக்காரர் அவரைப் பேசவைத்தார். பழைய விதையிலிருந்த வேண்டாத அமிலத்தைக் கலப்பினத்தால் நீக்கிய வரலாற்றை, தலப்பெருமை உரைப்பவரைப் போல அவர் உருகி உரைத்தார். அந்த உருக்கத்தில், முற்காலத்தில் இந்நகரத்து விளக்குகள் இந்த எண்ணெயில்தான் எரிந்தன என்றும் சொல்லிவைத்தார்.

"அப்ப இது இலுப்பெண்ணெய் மாதிரி," என்றார் முன்னால் நின்ற அம்மா. "விளக்குக்குத்தான் சரி. இதிலை ஆர் கத்தரிக்காய் பொரிக்கிறது?"

தீர்ப்பு அன்றே தெருவெங்கும் பரவியது. அடுத்த வெள்ளி, பக்கத்து மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் வீட்டில் வாராவாரம் நடக்கும் பூசைக்கு வந்த ஒவ்வொருவர் கையிலும் ஒரு கொல்சாப் போத்தல். நான் பதிகம் பாடி முடியும்வரை சுடர் புகையாமல், அசையாமல் நின்றது. எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். கடைக்காரர் மட்டும் அழாக்குறையாக நின்றார். ஒரு குத்துவிளக்கு எவ்வளவுதான் குடிக்கும்?

வழி கண்டவர் என் மனைவி. மறு வெள்ளி, எல்லோரும் பார்த்திருக்க, அதே எண்ணெயில் உழுந்துவடை சுட்டுச் சந்நிதியில் படைத்தார். இறைவன் ஏற்றதை மறுக்கும் துணிவு அடியவர்க்கு ஏது? வடை முழுவதும் தீர்ந்தது. புதுச்சேரிக்காரருக்கு மணம்தான் மிச்சம். கடையில் போத்தல்கள் நகரத் தொடங்கின.

ஆயினும் எங்கள் சனம் ஒரு வரம்பு கட்டிக்கொண்டது. கொல்சா, படையல் வடைக்கு மட்டும். மற்ற நாள்களில், நல்லெண்ணெய் வரும்வரை சூரியகாந்தி எண்ணெய்.

ஒரு திங்கட்கிழமை கடைக்காரர் வந்து கதவைத் தட்டினார். சைவ முறைமை அறிந்தவனிடம் ஓர் ஐயம் கேட்கவேண்டுமாம்.

"அண்ணை, சாமி வெள்ளிக்கிழமை மட்டுந்தான் வடை சாப்பிடுவாரோ?"

சதுர்த்தி, சஷ்டி, பிரதோஷம், கார்த்திகை என்று நான் சொல்லிக்கொண்டு போகப் போக அவர் முகம் மலர்ந்தது. கடை பூட்டப்படவில்லை. அந்த ஆண்டு லா சப்பலில் அனுட்டிக்கப்பட்ட அத்தனை விசேட நாள்களை வேறெந்த ஆண்டிலும் நான் கண்டதில்லை.