ரோசலின் அக்கா சுட்ட போலு

மலாயா சுதந்திரம் பெற்ற வருடம் என் மனைவி இறந்தாள். கிறிஸ்துமசுக்கு அவள் பித்தளை அச்சில் போலு என்னும் முட்டை கேக் சுட்டு, காஜா பேராங் பகுதியில் எங்கள் பக்கத்து வீட்டு ரோசலின் அக்காவுக்குக் கொடுப்பாள். துக்க வீட்டில் ஒரு வருடம் பலகாரம் சுடக்கூடாது என்பதால் நான் சும்மா இருந்தேன்.

பண்டிகைக்கு முதல்நாள் அக்கா வந்தார்.

"எங்க வீட்டு அடுப்புல சுட்டா குத்தம் இல்லையே தம்பி? அச்சைக் கொடுங்க, இந்த வருசம் நான் சுட்டுத் தர்றேன்."

மாலையில் சுடச்சுடக் கொண்டுவந்தார். பூ வடிவம் அப்படியே இருந்தது. கடித்துப் பார்த்தேன். அவள் கைருசி இல்லை.

"எப்படி இருக்கு?"

"அவ சுட்ட மாதிரியே இருக்குக்கா."

"பொய் சொல்லாதீங்க தம்பி. நானும் தின்னு பார்த்துட்டுதான் வர்றேன்," என்றவர் முகத்தை மூடிக்கொண்டார்.

அவள் இனி இல்லை என்பது சுடுகாட்டில்கூட எனக்கு உறைக்கவில்லை. கூச்சத்தால் யார் முன்னாலும் அழாத நான், அன்று அக்கா முன்னால் அழுதேன்.