பதினோரு பிளம்ஸ் மரங்களும் ஒரு வால்வும்

தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டிக் கை காய்த்துப்போயிருந்த என்னைத் துரையின் பங்களாத் தோட்டத்துக்கு மாற்றியபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. இலங்கையில், உடப்புசல்லாவைக்குப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் அது. பங்களாவுக்குப் பின்னால் பதினோரு பிளம்ஸ் மரங்கள். பழம் நன்றாக வந்தால் அந்த வேலையே நிரந்தரம் என்று துரைசானி சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு பனியில் நடுங்கிக்கொண்டு மலையேற வேண்டியதில்லை.

குருவி கொத்தாமலிருக்க மாவுச்சாக்கில் சிறு பைகள் தைத்து, காய்க்கொத்துகளுக்குக் கட்டினேன். தைத்தவள் என் மனைவி. நான் தைத்ததாகத்தான் தொழிலாளர் குடியிருக்கும் லயமெல்லாம் சொல்லித் திரிந்தேன்.

ஆடியில் மழை ஓய்ந்து வறண்ட காற்று அடித்தது. ஊற்றிலிருந்து வந்த ஒரே குழாய் பங்களாவுக்கும், லயத்தார் தண்ணீர் பிடிக்கும் பீலிக்கும் பிரிந்தது. பிரியும் இடத்து வால்வு என் பொறுப்பு. மரங்களுக்குத் தினமும் கொஞ்சம் விடச் சொல்லிவிட்டுத் துரைசானி நுவரெலியா போனார். பீலி நூலாக வடிவதைக் கண்டு நான் வள்ளலாகிவிட்டேன். பத்து நாள் மரங்களுக்குச் சொட்டுக்கூட விடவில்லை. பெண்கள் வாயார வாழ்த்தினார்கள், நானும் குளிர்ந்துபோனேன்.

நாளை துரைசானி வருகிறார் என்று பங்களாச் சமையல்காரர் சொன்னதும் மரங்களிடம் ஓடினேன். இலைகள் துவண்டு கிடந்தன. அன்று ஞாயிற்றுக்கிழமை; நாள் முழுக்கப் பீலியை அடைத்து, பத்து நாள் தண்ணீரையும் ஒரேயடியாக மரங்களுக்கு விட்டேன். வாளிகளோடு நின்ற வரிசையில் என் மனைவியும் நின்றாள். பார்க்காதவன்போலத் திரும்பிக்கொண்டேன்.

மறுநாள் துரைசானி முன்னால் பெருமையாக முதல் பையை அவிழ்த்தேன். பழம் காம்பிலிருந்து அடிவரை பிளந்திருந்தது. அடுத்ததும் அப்படியே. காய்ந்த மரம் திடீரென்று குடித்த தண்ணீரைத் தோல் தாங்கவில்லை. ஆறாவது பையில் எறும்பு மொய்த்தது. துரைசானி திட்டவில்லை, திட்டியிருந்தால் ஆறுதலாக இருந்திருக்கும். நாளை முதல், மலை வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் மற்ற ஆட்களோடு போய் நிற்கச் சொன்னார்.

வீட்டுக்குப் போய் மனைவியிடம் அதைச் சொன்னேன்.

“பத்து நாளு எங்களுக்கே விட்டீங்க, நேத்து மரத்துக்கே விட்டீங்க,” என்றாள் மனைவி. “தெனம் பாதிப் பாதியா விட்டிருந்தா பழமும் பொழைச்சிருக்கும், நேத்து நம்ம வீட்டு அடுப்பும் எரிஞ்சிருக்கும்.”

கவ்வாத்துக் கத்தியைத் தீட்ட உட்கார்ந்தேன். கல்லில் தெளிக்கக் கொஞ்சம் தண்ணீர் வேண்டும். அவளிடம் கேட்க எனக்கு வாய் வரவில்லை.