இன்னிக்கி என்ன பசியாறலாம்

மலாக்கா டவுனைத் தாண்டி பாயா ரும்புட் போகும் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். பஸ்ஸுக்குக் காசு இருந்தது. ஆனால் பஸ் நிலையத்தில் நின்றால், என்னோடு அறையில் இருப்பவன் பின்னாலேயே வந்துவிடுவான். "அண்ணே, தோசை சாப்ட்டுட்டுப் போங்கண்ணே" என்று மாடிப்படியில் நின்று அவன் கூப்பிட்டது காதைவிட்டுப் போகவில்லை. தோற்றவனைத் தோசைக்குக் கூப்பிடுகிறான்.

அவனும் நானும் நியாலாஸ் பக்கம் ஒரே தோட்டத்தில் பிறந்தவர்கள். பாயா ரும்புட்டில் ஒரே வாடகை அறை. அவன் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்தவன். நான் இரண்டாம் படிவத்தோடு நின்று, செம்பனைக் குலை ஏற்றும் லாரி, கட்டட வேலை என்று அலைந்தவன். டவுனில் ஒருவர் மாடியில் புதிதாக சைபர் கஃபே திறந்திருந்தார். கீழே அவர் மச்சானின் சாப்பாட்டுக் கடை. பட்டனை அழுத்தினால் என்ன சாப்பிடலாம் என்று சொல்கிற ஒரு வலைப்பக்கத்தை ஆளுக்கொன்று செய்துகொண்டு வரச் சொன்னார். நன்றாகச் செய்தவனுக்கு அங்கே வேலை. ஏர்கோன் அறை, உட்கார நாற்காலி. அதுவரை எந்த வேலையிலும் எனக்கு நாற்காலி கொடுத்ததில்லை.

வலைப்பக்கம் செய்யக் கற்றுக்கொள்ள இருவருக்கும் ஒரே புத்தகம்தான். அவன் விசைப்பலகையைப் பார்க்காமலே தட்டுவான். நான் ஓர் எழுத்தைத் தேடிப் பிடிப்பதற்குள் அவன் ஒரு வரியை முடித்திருப்பான். அந்த விரல்களைப் பார்த்தாலே வயிறு எரியும். ஆனாலும் என் வலைப்பக்கம் வேலை செய்தது. அழுத்த அழுத்த ஒவ்வொரு சாப்பாடாக வந்தது. எனக்கே நம்ப முடியவில்லை.

அவன் வலைப்பக்கத்தில் சாப்பாடு வருவதற்கு முன்னால் இரண்டு பட்டன்கள் இருந்தன. சைவம், அசைவம்.

"சோறு போடறதுக்கு முன்னாடி என்னடா விசாரண? நீ என்ன போலீஸா?" என்றேன்.

"கேட்டுக்கிட்டா நல்லதுதானேண்ணே. ஒங்களுதுலயும் போட்டுத் தரவா?"

"ஒன் வேலயப் பாருடா."

முதலாளி எங்களை வரச் சொன்னது வெள்ளிக்கிழமை. கோயிலுக்குப் போய்விட்டு நெற்றியில் திருநீற்றோடு வந்த அவர் மனைவி, முதலில் என் வலைப்பக்கத்தின் முன் உட்கார்ந்தார். அழுத்தினார். ஆட்டுப் பிரட்டல் வந்தது.

"ஐயோ, வெள்ளிக்கெழம அதுவுமா!"

"இன்னொரு தடவ அழுத்துங்கக்கா, மாறும்" என்றேன்.

மாறியது. கோழி. அடுத்து இறால் சம்பல்.

"இந்தாப்பா, இது என் வெரதத்த முறிக்காம விடாது போல!" என்றார். முதலாளி மேசையைத் தட்டிச் சிரித்தார். அவனும் சிரித்தான், வாயைக் கையால் மூடிக்கொண்டு.

அவன் வலைப்பக்கத்தில் அக்கா சைவத்தை அழுத்தினார். தோசை. "தம்பிக்கு வெவரம் இருக்கு" என்று சொல்லி, எல்லோருக்கும் கீழேயிருந்து தோசை கொண்டுவரச் சொன்னார். அவன் ‘தம்பி’, நான் ‘இந்தாப்பா’. கணினிக்கு முன்னால் இருந்த நாற்காலியை முதலாளி அவன் பக்கமாக இழுத்துப் போட்டார். தோசை வருவதற்குள் நான் இறங்கிவிட்டேன்.

அறைக்கு வந்து அவன் சட்டைகளுக்குப் பக்கத்தில் தொங்கிய என் சட்டைகளை எடுத்து வேறு ஆணியில் மாட்டினேன்.

மறுநாள் காலையில் பாயா ரும்புட் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் பரிமாற ஆள் கேட்டார்கள். சேர்ந்துவிட்டேன். முதல் மேசையில் இலையைப் போட்டுக் கோழிக் குழம்பு வாளியைத் தூக்கியதும் கடைக்காரர் கல்லாவிலிருந்து கத்தினார்: "கேட்டுட்டு ஊத்துலா!"

வாளியைக் கீழே வைத்தேன்.

"சைவமாண்ணே, அசைவமா?"