கருவாடு நிறைந்த பிள்ளைப் பை

வாடகை வண்டி ஓட்டிய நாட்களில், திருநெல்வேலியிலிருந்து வாகைக்குளம் விமான நிலையத்துக்கு ஒருவரை ஏற்றிப் போனேன். வெள்ளை வேட்டி, தோளில் புதுத்துண்டு. அடிக்கடி விரல்களை மோந்து பார்த்துக்கொள்வார். கூடவே, அவர் மகனிடம் புறப்பட்ட மருமகளும் கைக்குழந்தையும். அவர் மடியில், பிள்ளைக்கென்று கடை கடையாக ஏறி அவரே வாங்கிய பை. வண்டிக்குள் ஒரு வீச்சம் இருந்தது. குழந்தைதான் என்று நினைத்தேன்.

வல்லநாடு தாண்டியதும் குழந்தை உண்மையிலேயே கழிந்துவிட்டது. வண்டியை ஓரங்கட்டினேன். அந்தப் பெண் பையைத் திறந்தாள். மேலே, கழற்றிப்போட்ட பழைய டயாபர் ஒன்று பீயோடு கிடந்தது. அதற்குக் கீழே முழுக்கக் கருவாடு.

“மாமா, நான் அடுக்கி வச்ச டயாபர்லாம் எங்க?”

“வீட்டுல எடுத்து வச்சுட்டேம்மா. எம்மவன் கருவாடு இல்லாம சோறு திங்க மாட்டாம்லா. மேல அது கெடந்தா, ஏர்போர்ட்டுக்காரன் நாத்தத்துல தோண்டிப் பாக்க மாட்டான்.” பெருமையாகச் சிரித்தார்.

அவள் அவர் தோளிலிருந்த துண்டை உருவி, ஒரு முனையால் குழந்தையைத் துடைத்து மறுமுனையால் சுற்றினாள்.

“ஏளா, புதுத்துண்டு! சீ, என்னா நாத்தம்!” என்று மூக்கைப் பொத்திக்கொண்டார்.

சாக்கடையோரம் படுத்துத் தூங்கியவன் நான். அங்கெல்லாம் வராத குமட்டல், அவர் மூக்கைப் பொத்தியபோது வந்தது.