கியார்சி எருமையைத் திட்டுகிறாள்

"ஏண்டி, கண்ணு அவிஞ்சா போச்சு உனக்கு? மடுவுல தண்ணி முழங்காலுக்கு இறங்கிருச்சு. இன்னும் கரையில நின்னு காத்து வாங்குறியா?" என்று பத்து நாளைக்கு முன் எருமையின் முதுகில் ஒரு தட்டு தட்டினாள் கியார்சி. எருமை கண்டுகொள்ளவில்லை. திட்டு தனக்கல்ல, மேலே பாறையில் நின்று வேப்பங்குச்சி மெல்லும் ஹர்சகாய்க்கு என்பது அதற்குப் பழகிவிட்டது. ஹர்சகாய் அவள் கணவனுக்கு அண்ணன். எங்கள் பக்கத்தில் மூத்தார் எதிரே பெண் முகம் காட்டக் கூடாது, நேராக ஒரு வார்த்தை பேசவும் கூடாது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து கியார்சி இரண்டையும் மீறியதில்லை. முக்காட்டை மோவாய்வரை இழுத்து விட்டுக்கொண்டு எருமையிடம் பேசிவிடுவாள்.

மற்றவர்களுக்கு அந்தச் சலுகை கிடையாது. என் டீக்கடையில் கிளாஸ் கழுவிய தண்ணீரை ஒருநாள் ரோட்டில் வீசினேன். "ஏன் ஜக்ராம், உங்கப்பன் சீதனமா குடுத்த ஆறா இது? அந்த வேப்பங்கன்னு காஞ்சு நிக்குறது தெரியல?" என்று பஸ்ஸுக்கு நின்றவர்கள் முன்னால் மானத்தை வாங்கிவிட்டாள். அன்றிலிருந்து கழுவிய தண்ணீரெல்லாம் கன்றுக்குத்தான். திட்டி முடித்த கையோடு ஒரு பீடி கேட்டு வாங்கிக்கொண்டு போனாள். பெரியவர்கள் யாராவது எதிரே வந்தால் பீடியும் முக்காட்டுக்குள் போய்விடும். துணிக்குள்ளிருந்து புகை வரும், கூடவே இருமலும் வரும்.

வலது கட்டைவிரலில் அவளுக்கு நகம் கிடையாது. அணைக்கல் விழுந்து போனது. நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் எங்கள் ரூப்லி ஆறு வெறும் மணல்; லாரிகள் அதன் வழியாகத்தான் போய்வந்தன. பிறகு வீட்டுக்கு ஒருவர் மண்வெட்டியோடு மலைச்சரிவுக்குப் போனோம். மழைத்தண்ணீர் ஓடிப்போகாமல் நின்று மண்ணில் இறங்க, ஓடைக்கு ஓடை குறுக்கே மண்கரை கட்டினோம். ஜோஹட் என்போம். கைக்குழந்தையைக் கருவேல மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு, கியார்சி ஆண்களுக்குச் சமமாகக் கல் சுமந்தாள். வருஷங்கள் கழித்து ஆறு ஓடியது. ஹர்சகாய் அன்று ஓரமாக நின்று பாக்கு போட்டார் என்று சொன்னால் பொய்யாகிவிடும்; அவரும் சுமந்தார். அதனால்தான் எனக்கு இன்னும் அதிகமாக வயிறு எரிகிறது.

கோடையில் ரூப்லி அறுபட்டு, கடைசியில் ஒரே ஒரு மடுதான் மிஞ்சும். மழை வரும்வரை ஊர் மாடுகள் அத்தனைக்கும் அதுதான் உயிர். மடு போனால் எருமைகளை விற்க வேண்டியதுதான், அந்த நேரத்தில் வாங்க வருபவன் கறிக்கடைக்காரன் மட்டுமே. ஆகவே ஹோலிக்குப் பிறகு ஆற்றில் எவரும் மோட்டார் வைக்கக் கூடாது என்று ஊர் கூடிச் சத்தியம் செய்தோம். மீறினால் கோயில் மேடையில் புறாக்களுக்கு ஒரு மூட்டை சோளம் தண்டம். ஆற்றுச் சபைக்குத் தலைவர் ஹர்சகாய்.

எங்கள் ஆற்றின் பேர் வெளியூரெல்லாம் பரவியது. ஜெய்ப்பூரிலிருந்தும் டெல்லியிலிருந்தும் கார்கள் வந்தன. வருகிறவர்கள் தங்கவென்று ஹர்சகாய் கரையோரம் விருந்தினர் மாளிகை கட்டினார். பச்சைப் புல்தரை, நடுவில் நீரூற்று. இந்தப் பாலைப் பூமியில் புல்தரை! தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. போன மாதம் கியார்சியின் எருமை மணலில் கால் சிக்கி உதறியபோது, உள்ளே புதைத்திருந்த கறுப்புக் குழாய் வெளியே வந்தது. ஒரு முனை மடுவில், மறுமுனை மாளிகையில்.

சபை கூடியது. கியார்சி தூணைப் பார்த்துக் கேட்டாள். ஹர்சகாய் எங்களைப் பார்த்துப் பதில் சொன்னார்: "வர்றவங்க குளிக்க வேண்டாமா? இது ஊருக்குக் கௌரவம்பா. தண்டம்தானே? ஒரு மூட்டை என்ன, வாரம் ஒரு மூட்டை போட்டுடறேன்." சொன்னபடி போட்டார். மோட்டாரும் ஓடியது. புறாக்கள் கொழுத்தன, மடு வற்றியது. சபையில் ஒருவனுக்கும் வாய் திறக்கவில்லை, பாதிப் பேர் வீட்டுப் பிள்ளைகளுக்கு மாளிகையில் வேலை. மாளிகைக்கு டீ போவது என் கடையிலிருந்துதான். தூ!

போன ஞாயிற்றுக்கிழமை அங்கே தண்ணீர்ச் சேமிப்பு பற்றிக் கருத்தரங்கு. நீரூற்று ஆளுயரத்துக்குப் பீச்சியடித்தது. நான் டீ கொண்டுபோயிருந்தேன். ஹர்சகாய் வாசலில் மாலையும் கையுமாக நின்றிருந்தார். அப்போது புழுதி கிளம்பியது. மடுவில் சேறுதான் மிச்சமென்று கண்டு, கியார்சி தன் எருமைகளை ஓட்டிக்கொண்டு வந்தாள். பின்னால் ஊர் எருமைகள் முழுவதும் வந்தன.

மூத்தாரும் தம்பி மனைவியிடம் நேராகப் பேசக் கூடாது. ஹர்சகாய் பல்லைக் கடித்துக்கொண்டு என்னிடம் சொன்னார். "ஏய் ஜக்ராம், மாட்டைத் திருப்பச் சொல்லு அவகிட்ட."

நான் சொல்லவில்லை. டீத்தட்டைக் கீழே வைத்தேன்.

கியார்சி முன்னால் நின்ற எருமையின் காதருகே குனிந்தாள். "என் தண்ணி எங்க, என் தண்ணி எங்கன்னு நாலு நாளா கத்துனியே? அந்தா பாரு, ஆகாசத்துக்குப் பீச்சுது. பெரியவர் உனக்காகத்தான் பத்திரமா வச்சிருக்காரு. கூச்சப்படாம போயிக் குடி."

பிறகு இரும்புக் கேட்டின் தாழ்ப்பாளை இழுத்து, இரண்டு கதவையும் அகலத் திறந்துவிட்டு, எருமைகளுக்கு வழிவிட்டு ஓரமாக ஒதுங்கி நின்றாள்.