அமீனா வீரபாண்டியின் சத்த வண்டி

என் பட்டறைக்கு வண்டியோடு வருகிறவர்கள் இரண்டு வகை. வண்டியை விட்டுவிட்டு, சாயங்காலம் வருகிறேன் என்று போகிறவர்கள் ஒரு வகை. பக்கத்திலேயே நின்று உயிரை வாங்குகிறவர்கள் இன்னொரு வகை. வீரபாண்டி அண்ணன் இந்த இரண்டாவது வகைக்குத் தலைவர். ஸ்டூல் போட்டால் உட்கார மாட்டார். டீ வாங்கிக் கொடுத்தால் கிளாஸோடு நடக்க ஆரம்பித்து, உத்தமபாளையம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போய்விட்டு வருவார். கிளாஸைக் காணோம் என்று டீக்கடைக்காரர் என்னை ஏசுவார். நான் ஸ்பேனரைக் கீழே வைத்தால் அதை எடுத்து விரலில் சுற்றுவார். அப்புறம் அதை எங்கே வைத்தார் என்று அவருக்கே தெரியாது.

அவருக்குக் கோர்ட்டில் அமீனா வேலை. சம்மனைக் கொண்டுபோய் உரிய ஆளின் கையில் கொடுத்து, கையெழுத்து வாங்கி வர வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலையாக இருந்திருந்தால் முதல் மாதமே ராஜினாமா எழுதிக் கொடுத்திருப்பார். இருபது வருஷம் சைக்கிளிலும் பஸ்ஸிலும் ஓடினார். தெருவில் அவர் தலை தெரிந்தால், வரப்பைத் தள்ளிப் போட்டவனெல்லாம் சந்துக்குள் நுழைந்துவிடுவான். அவரும் விடமாட்டார். பின்னாலேயே போய், கக்கூஸ் வாசலில் காத்திருந்தாவது கொடுத்துவிட்டுத்தான் வருவார்.

அப்படிப்பட்டவர் ஒரே ஒரு சம்மனில், அதைக் கொடுத்து முடித்தும் தோற்றார். அதைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன். அந்தத் தோல்வியில் என் கையும் இருக்கிறது.

2007 தொடக்கத்தில் ராக்கம்மாள் என்ற பெண் ஒரு வழக்குப் போட்டிருந்தாள். பள்ளிவாசலுக்குப் பின்தெருவில் வாடகை வீடு. அந்தத் தெருப் பெண்களுக்குத் துணி தைத்துப் பிழைத்தாள். புருஷன் விஜய்பாண்டியோடு ஒத்துப்போகவில்லை. ஒருநாள் அவன், பிள்ளைக்கு ஜிலேபி வாங்கித் தருகிறேன் என்று மகள் சிம்ரனைக் கூட்டிக்கொண்டு சின்னமனூர் போனான், திரும்பி வரவில்லை. மேகமலைக்கு அந்தப்பக்கம் ஒரு ஏலத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்து, வேலையாட்களுக்கு வரிசையாகக் கட்டிவிட்ட லயன் வீட்டில் பிள்ளையை வைத்துக்கொண்டான். பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினால் இருக்கிற இடம் தெரிந்துவிடும் என்று அதற்கும் அனுப்பவில்லை. பிள்ளைக்கு ஆறு வயது.

மகளைக் கேட்டு ராக்கம்மாள் போட்ட மனு அது. சம்மன் அவன் கைக்குப் போய்ச் சேராமல் வழக்கு நகராது. மூன்று தடவை, ஆள் இல்லை என்று திரும்பி வந்துவிட்டது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் அவள் கோர்ட்டு வேப்பமரத்தடியில் வந்து நிற்பாள். பையில் தானே தைத்த ஒன்றாம் வகுப்பு யூனிபார்ம் இருக்கும். பிள்ளை வளர்ந்திருப்பாள் என்று வாய்தாவுக்கு வாய்தா ஓரத்தைப் பிரித்து அரை அங்குலம் இறக்கித் தைத்துக்கொண்டு வருவாள். அதைப் பார்த்த நாளிலிருந்து வீரபாண்டி அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. ஜூனில் பள்ளிக்கூடம் திறப்பதற்குள் சம்மன் சேராவிட்டால், பிள்ளைக்கு இன்னொரு வருஷமும் போய்விடும்.

பஸ்ஸில் போய்ப் பிரயோஜனமில்லை. அமீனா பஸ் ஏறினால், சேதி அவருக்கு முன்னால் மலை ஏறிவிடும். பஸ் நிற்கிற இடத்திலிருந்து தோட்டத்துக்கு எட்டு கிலோமீட்டர் வேறு. பாதை என்று சொன்னால் பாதை கோபித்துக்கொள்ளும்.

ஒருநாள் காலையில் பட்டறையைத் திறக்கும்போதே வந்து நின்றார்.

"சங்கிலி, கல்லுல, சேத்துல, காட்டுத் தடத்துல ஏறுற மாதிரி ஒரு வண்டி வேணும். பழசு போதும். வெரசா பாரு."

"எதுக்குண்ணே இம்புட்டு அவசரம்? நாலு எடத்துல விசாரிச்சு..."

"இப்பவே வா. பஸ்ஸு நிக்கிது."

அன்றைக்கு என் பட்டறையில் மூன்று வண்டி பிரித்துப் போட்டபடி கிடந்தது. போனேன். வேறென்ன செய்வது?

குமுளியில் ஒரு தோட்டக்காரர் வீட்டுக் கொட்டகையில் யமஹா ஆர்எக்ஸ் நூறு ஒன்று நின்றது. தொண்ணூற்று நாலு மாடல். அவர் மகன் கோட்டயம் பக்கம் சேற்றுப் பந்தயத்தில் ஓட்டிக் காலை உடைத்துக்கொண்டானாம். அகலமான ஹேண்டில் பார், கட்டை கட்டையாகப் பல் வைத்த டயர் எல்லாம் ஏற்கெனவே போட்டிருந்தான். "கொண்டு பொய்க்கோ சேட்டா, எனிக்கு இது காணண்டா" என்று, இனி அது கண்ணிலேயே படக்கூடாது என்கிற மாதிரி அப்பன்காரர் சாவியை நீட்டினார். நான் என்ஜினை உதைத்துப் பார்த்து, பிஸ்டனில் தட்டுகிற சத்தம் இருக்கிறதா என்று காது கொடுத்துக் கேட்டேன். இல்லை. வீரபாண்டி அண்ணன் அதற்குள் ஆர்.சி. புத்தகத்தை மூன்று தடவை புரட்டிவிட்டார். கோர்ட்டு ஆள் ஆயிற்றே, காகிதம் சரியாக இல்லாமல் கடவுளையே வாங்கமாட்டார்.

அப்புறம் பத்து நாள் என்னைப் படுத்திய பாடு இருக்கிறதே! பின்சக்கரத்துக்கு நாலு பல் கூடுதலான ஸ்ப்ராக்கெட் மாட்டி, செயினுக்குக் கண்ணி சேர்த்தேன். இனி வேகம் குறையும், இழுவை கூடும். என்ஜின் கல்லில் அடிபடாமலிருக்க லேத்துப் பட்டறையில் இரும்புத் தகடு வளைத்து அடியில் கட்டினேன். சேறு அடைக்காமலிருக்க முன் மட்கார்டைத் தூக்கி வைத்தேன். ஓடைத் தண்ணீர் புகாமலிருக்க சைலன்சரை வெட்டி, வளைத்து, சீட்டுக்குப் பக்கத்தில் உயர்த்திப் பற்றவைத்தேன். ஒவ்வொன்றையும் முடித்தவுடன் எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை மேட்டில் ஏற்றிப் பார்த்துவிட்டு வந்து, "இன்னும் கொஞ்சம் இழுவை வேணும்" என்பார்.

கடைசியில் எனக்குக் கோபம் வந்துவிட்டது. சைலன்சருக்குள் சத்தத்தை அடக்குகிற குழாயை உருவி வெளியே எறிந்தேன். "இந்தாங்க. இதுக்கு மேல எளவு நான் என்னத்தச் செய்ய?" என்றேன். உதைத்தார். எதிர்க்கடை வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடியது. வீரபாண்டி அண்ணன் சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்தார். உண்மையைச் சொன்னால் எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

ஏப்ரலில் முதல் தடவை போனார். செக்போஸ்டில் கோர்ட்டு ஆள் என்றதும் கம்பியைத் தூக்கிவிட்டார்கள். வண்டி ஆடு மாதிரி ஏறியதாம். ஆனால் லயன் வீட்டில் ஆள் இல்லை. தட்டில் போட்ட சோற்றில் ஆவி பறந்துகொண்டிருந்தது. ஒருமணி நேரம் வீட்டைச் சுற்றிச் சுற்றி நடந்துவிட்டுத் திரும்பினார். இரண்டாவது தடவை நல்ல மழை. அப்போதும் ஆள் இல்லை. வாசலில் பிள்ளையின் செருப்பு ஒன்று மட்டும் கிடந்தது. மூன்றாவது தடவையும் வெறும் வீடு. பக்கத்து வீட்டு மலையம்மாள்தான் மனசு கேட்காமல் சொல்லியிருக்கிறாள்.

"எதுக்குண்ணே வீணா அலையிறீக? மூணாவது கொண்டை ஊசியில நீங்க ஏறும்போதே இங்கன கேட்டுருது. சத்தம் கேட்டதும் அவரு பிள்ளையத் தூக்கிக்கிட்டு ஏலக்காட்டுக்குள்ள போயிருவாரு. நீங்க எறங்குற சத்தம் கேட்டாத்தான் வருவாரு."

அண்ணன் இதை என்னிடம் வந்து சொன்னபோது எனக்கு முகத்தில் அறைந்த மாதிரி இருந்தது. எந்தச் சத்தத்துக்கு நாங்கள் இரண்டு பேரும் சிரித்தோமோ, அதுவே அவனுக்குச் சேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

"குழாயத் திரும்ப மாட்டிருவோம்ணே."

"மாட்டுனா இழுவை கொறையும்ல? வாய்தாவுக்கு ஆறு நாள்தான் இருக்கு. இருக்கட்டும், நான் பாத்துக்கிறேன்."

அவர் செய்த காரியம் இதுதான். தோட்டத்துக்குப் போகிற பாதையை விட்டுவிட்டு, விறகு ஜீப் போகிற பழைய தடத்தில் மலையின் மறுபக்கமாகச் சுற்றி உச்சிக்கே ஏறிவிட்டார். நாலு மணி நேரம். இரண்டு இடத்தில் விழுந்து முழங்கை கிழிந்தது. உச்சியில் என்ஜினை அணைத்தார். அங்கிருந்து கீழே லயன் வீடு வரைக்கும் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து, அடி அடியாக உருட்டிக்கொண்டே இறங்கினார். இரண்டு நிமிஷம் ஒரு இடத்தில் நிற்காத மனுஷன், ஒரு மணி நேரம் மூச்சுச் சத்தம் கேட்காமல் இறங்கியிருக்கிறார்.

விஜய்பாண்டி வாசலில் உட்கார்ந்து மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தான். தலையை நிமிர்த்திப் பார்த்தவன் காகிதத்தைப் பார்க்கவில்லை, வண்டியைத்தான் பார்த்தான். "சத்தமே வரலையே" என்றான். பிள்ளை வண்டியைப் பார்த்ததும் வாயில் சோற்றோடு எழுந்து, யாரும் சொல்லாமலே அப்பன் இடுப்பில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கால் முழுக்க அட்டை கடித்த தழும்பு. அவன் ஓடவில்லை. ஒரு கையால் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு மறுகையால் கையெழுத்துப் போட்டான்.

இதைச் சொன்ன அன்றைக்கு வீரபாண்டி அண்ணனுக்கு வெற்றி பெற்ற ஆளின் முகமே இல்லை. என் ஸ்பேனரைக்கூட எடுத்துச் சுற்றவில்லை.

வாய்தாவுக்கு விஜய்பாண்டி பிள்ளையோடு வந்துவிட்டான். பிள்ளை அம்மாவிடம் இருக்கட்டும், அப்பா ஞாயிற்றுக்கிழமை வந்து பார்க்கலாம் என்று உத்தரவாயிற்று. அவன் சரி என்றுவிட்டானாம். பிள்ளைக்குச் சளி பிடித்தால் கொடுக்கிற மருந்தை ராக்கம்மாளிடம் கொடுத்து, ராத்திரி எத்தனை சொட்டு என்று சொல்லிவிட்டுப் பஸ் ஏறிப் போனான். ஜூனில் சிம்ரன் அந்த யூனிபார்மைப் போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனாள். நாலு ஞாயிற்றுக்கிழமை போயிற்று. அவன் வரவில்லை.

ஜூலையில் ஒருநாள் ராக்கம்மாள் பட்டறைக்கு வந்தாள். வண்டி எதுவும் இல்லாமல் ஒரு பெண் வந்து நிற்கவும் நான் பயந்துவிட்டேன்.

"அண்ணே, அமீனா அண்ணனுக்கு வண்டி வேலை பாக்குறது நீங்கதானே? தெனமும் காலையில எங்க தெரு வழியாத்தான் கோர்ட்டுக்குப் போறாக. அந்தச் சத்தம் தெரு முக்குல கேட்டாப் போதும், இவ எந்திரிச்சு ஓடீர்றா. கட்டிலுக்கு அடியில, குளிக்கிற எடத்துல, எங்கயாச்சும் போயி வாயைப் பொத்திக்கிட்டு ஒளிஞ்சுக்கிறா. நேத்து ஒரு மணி நேரம் தேடுனேன். தையல் துணிக் குவியலுக்குள்ள கெடந்தா. அவுக செஞ்ச உதவிக்கு அவுககிட்ட எப்படிண்ணே நான் இதச் சொல்ல?"

வீரபாண்டி அண்ணனிடம் நான் சொன்னேன். சொல்லும்போது அவர் நடந்துகொண்டேதான் இருந்தார். நடை நின்றது.

"பழையபடி ஆக்கிரு" என்றார்.

"மலைக்குப் போறப்ப இழுக்காதுண்ணே."

"ஆக்கிருன்னு சொல்றேன்ல?"

தேனிக்குப் போய் நல்ல சைலன்சர் ஒன்று வாங்கி வந்து, கீழே இருக்க வேண்டிய இடத்தில் மாட்டினேன். குழாயைப் புதுசாகப் போட்டேன். வண்டி தையல் மிஷின் மாதிரி ஓடியது. சரியாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டிய இடம் ஒன்றுதான். இரண்டு பேருமாக ராக்கம்மாள் வீட்டு வாசலில் போய் நிறுத்தினோம். ஞாயிற்றுக்கிழமை காலை, பத்து மணி இருக்கும்.

பிள்ளை ஓடவில்லை. வாசலில் நின்று வண்டியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெல்லப் பக்கத்தில் வந்து சைலன்சரைக் குனிந்து பார்த்தாள்.

"இதுதான அந்தச் சத்த வண்டி?"

"ஆமா ஆத்தா" என்றார் அண்ணன். "மாமா அதைச் சரி பண்ணிட்டேன்."

"இனிமே சத்தம் வராதா?"

"வரவே வராது."

அவள் முகம் மலர்ந்தது. "அப்ப அப்பா காட்டுக்குள்ளயிருந்து வெளிய வந்துரும்ல?" என்று கேட்டாள்.

வீரபாண்டி அண்ணன் வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார். எத்தனை பேரை வாய்ப்பேச்சிலேயே மடக்கிக் கையெழுத்து வாங்கியவர்! பிள்ளை பதிலுக்காகக் காத்து நின்றாள்.

உள்ளே தையல் மிஷின் நின்றது. ராக்கம்மாள் நிலைப்படிக்கு வந்தாள். மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

"அண்ணே, மலைக்கு எப்பப் போவீக?"

"அந்தப் பக்கம் சம்மன் எதுவும் இல்லையேம்மா."

"சம்மன் வேணாம். பிள்ளை தேடுறான்னு சொல்லுங்க. நான்தான் வரச் சொன்னேன்னும் சொல்லுங்க."

அவர் எழுந்தார். வண்டியைப் பார்த்தார், அப்புறம் என்னைப் பார்த்தார். இது மலை ஏறுமா என்று கேட்கிறார் என்று எனக்குப் புரிந்தது.

"பின்னால அந்தப் பெரிய ஸ்ப்ராக்கெட்டக் கழட்டலைண்ணே. முதல் கியர்லயே மெதுவாப் போங்க. ஏறிரும்" என்றேன்.