ஏரி என்று எழுதி வாங்கிய கடிதம்

காஸ்பியன் கடலின் ஐந்து நாட்டுக் கரையிலும் கால் நனைத்த ஒரே இரும்புலியூர்க்காரர் முதாசிர்தான். ஐந்து என்பது கொஞ்சம் கூட்டிச் சொன்னது. கால் நனைத்தது இரண்டில். மற்ற மூன்றையும் கப்பலிலிருந்து பார்த்தார். அதிலும் ஒன்று மேகமாக இருந்திருக்கலாம்.

ஆனால் அந்தத் தண்ணீரைப் பற்றி அவரிடம் யாரும் வாய் கொடுத்து மீள முடியாது. கிட்டத்தட்ட மூன்று தமிழ்நாட்டை உள்ளே போடலாம். சுற்றிலும் நிலம், பெருங்கடலுக்குப் போக இயற்கையாக ஒரு வழியும் இல்லை. உப்பு உண்டு, மெரினா உப்பில் மூன்றில் ஒரு பங்கு. பெயரும் கரைக்குக் கரை மாறும். உலகம் காஸ்பி என்ற பழைய ஜனங்களின் பெயரைச் சொல்கிறது. ஈரான் பக்கம் கஸர் என்ற இன்னொரு ஜனத்தின் பெயர். இரண்டு ஜனமும் இன்று இல்லை. கடலா, ஏரியா என்று ஐந்து அரசாங்கங்களும் இருபது வருஷத்துக்கு மேல் மல்லுக்கு நின்றன. கடல் என்றால் அடியிலிருக்கும் எண்ணெய்க்கு ஒரு பங்கீடு, ஏரி என்றால் வேறு பங்கீடு. கடைசியில் இரண்டும் இல்லை என்பதுபோல் ஓர் ஒப்பந்தம் போட்டுக்கொண்டார்கள்.

முதாசிர் அந்தப் பஞ்சாயத்தைத் தன் கல்யாணத்திலேயே முடித்துவிட்டார். அஜீசா பழவேற்காட்டுப் பெண். அவள் அத்தா கடலுக்குப் போனவர், உடல்கூடத் திரும்பவில்லை. கடலில் வேலை பார்ப்பவனுக்குப் பெண் இல்லை என்று அவள் அம்மா சொல்லிவிட்டார். முதாசிர் கம்பெனிக்கு எழுதி, முத்திரை வைத்த கடிதம் ஒன்றை வரவழைத்தார். ‘எங்கள் கப்பல் காஸ்பியனில் மட்டுமே ஓடும், அது நிலம் சூழ்ந்த ஏரி.’ பழவேற்காட்டுக்காரர்களுக்கு ஏரி என்றால் படகு தரை தட்டினால் இறங்கித் தள்ளிக்கொண்டு போகிற தண்ணீர். சம்மதித்தார்கள். அந்த ஏரியில் ஆறாள் உயரத்துக்கு அலை எழும் என்பதை முதாசிர் சொல்லவில்லை. கடிதத்தை லேமினேட் செய்து மாமியாரிடம் கொடுத்தார். அவர் மௌத்தான பிறகு அது அஜீசாவின் பீரோவுக்கு வந்தது.

காஸ்பியன் வற்றிக்கொண்டே வந்தது. துறைமுகத்தில் கப்பல்கள் தரை தட்டின. இரண்டு வருஷத்துக்கு முன் கம்பெனி ஆட்களை ஊருக்கு அனுப்பியது. படப்பைக்கு அப்பால் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டினார் முதாசிர். டிசம்பரில் நாற்பது முடிகிறது; அதற்கு மேல் புதிதாக எந்தக் கப்பலும் எடுக்காது. மேற்குத் தாம்பரத்தில் கப்பலுக்கு ஆள் எடுக்கும் ஓர் அலுவலகத்தில் போனிலேயே சொன்னார்கள்: “சர்வீஸ் பேப்பர்ல காஸ்பியன் சீன்னு இருக்குல்ல? போதும் சார், ஃபைலோட வாங்க.”

அஜீசா பி.காம். படித்தவள். எல்லாத் தாள்களையும் தேதிவாரியாக அடுக்கிக் கொடுத்தாள்.

அலுவலகத்தில் வைத்தீஸ்வரன் என்பவர் ஃபைலைத் திறந்தார். முதல் தாளிலேயே நின்றுவிட்டார். பளபளவென்று லேமினேஷன்.

“சார், லேக்னு உங்க கம்பெனியே எழுதியிருக்கே. எங்களுக்கு சீ எக்ஸ்பீரியன்ஸ் வேணும்.”

“அது கடல்தான் சார். உப்பு. புயல்ல அலை பத்து மீட்டர் எழும்பும்.”

“அப்புறம் ஏன் இப்படி எழுதிக் கொடுத்தாங்க?”

முதாசிர் கல்யாணக் கதையைச் சொன்னார். வைத்தீஸ்வரன் சிரித்தார். “பத்து மீட்டர் அலையை மாமியார்கிட்ட சொன்னீங்களா?”

“அந்தத் தாளை எடுத்துடலாம் சார்.”

“நான்தான் பாத்துட்டேனே. நாளைக்கு எவனாவது கேட்டா என் வேலை போயிடும்.”

காஸ்பியனில் ஓடிய ஆறு வருஷமும் அவ்வளவுதான். ஜி.எஸ்.டி. சாலையைக் கடந்து வீடுவரை நடந்தே வந்தார். எதிர்ப்பட்டவர்கள் யாரையும் பார்க்கவில்லை.

வீட்டில் அஜீசாவின் அண்ணன் கரீம் முடிவு தெரிந்துகொள்ளக் காத்திருந்தார்.

“இன்னா மச்சான், மூஞ்சி ஒரு மாதிரி கீது?”

“ஏரியில வேலை பார்த்தவன் எங்களுக்கு வேணாம்னுட்டான்.”

“ஏரின்னு அவனுக்கு யாரு சொன்னது?”

“நான்தான். உங்க அம்மாவுக்காக வாங்கின லெட்டர் ஃபைல்ல மேலயே இருந்துச்சு.”

கரீம் நெற்றியில் அடித்துக்கொண்டார். “அத்த யாரு உள்ள சொருவுனது? இன்னா பேஜார் இது.”

“உன் தங்கச்சிதான். சீல் வெச்ச பேப்பர், முக்கியமானதுன்னு நெனச்சிருப்பா. தெரியாம வெச்சுட்டா, வுடு. இனி படப்பைதான், சாகுற வரைக்கும்.”

அஜீசா இருவர் முன்னாலும் டீயை வைத்தாள்.

“தெரியாம இல்லங்க,” என்றாள். “படிச்சுப் பாத்துட்டுத்தான் மேல வெச்சேன்.”